பெங்களூர் டு சான் பிரான்சிஸ்கோ: உண்மையான தூரம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஆகும்? (பர்கூர்ல இருந்து அப்பா அம்மா போறாங்க)

பர்கூர்_பொண்ணு | செவ்வாய், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல சான் ஹோசேல இருக்கா, மார்ச்ல அவளுக்கு பிரசவம், பிப்ரவரி கடைசில அப்பாவையும் அம்மாவையும் அனுப்பணும். ரெண்டு பேருமே இதுவரைக்கும் ஃப்ளைட் ஏறினதில்ல. அப்பாவுக்கு 67 வயசு, சுகர் இருக்கு, அம்மாவுக்கு முட்டி வலி.

பெங்களூர் ஏர்போர்ட்ல இருந்து சான் பிரான்சிஸ்கோனு தேடினா ஒரு சைட்டு 13,990 கிலோமீட்டர், 16 மணி நேரம்ங்குது, இன்னொண்ணு பதினேழரைங்குது, டிக்கெட் பாக்குற எடத்துல 21 மணி நேரத்துல ஆரம்பிச்சு 34 வரைக்கும் காட்டுது. எதை நம்பி இவங்ககிட்ட "இவ்ளோ நேரம் ஆகும்"னு சொல்றது? இன்னொரு விஷயம் சுத்தமா புரியல, டெல்லி வழியா போனா மொத்தம் 14,090 கிலோமீட்டர்னு வருது, அதாவது நேரா போறதுக்கும் அதுக்கும் வித்தியாசம் வெறும் 100 கிலோமீட்டர். துபாய் வழின்னா 15,700 தாண்டுது. டெல்லி வடக்குல இருக்கு, அங்க போய் அமெரிக்கா போறது எப்படிங்க சுத்தாம இருக்கும்?

---

தென்பெண்ணை_வாத்தியார் | செவ்வாய், இரவு 10:05

நல்ல கேள்விம்மா, டெல்லி கணக்குல இருந்தே ஆரம்பிக்கிறேன், அது புரிஞ்சா மத்தது தானா புரியும். ஸ்கூல்ல பூகோளம் எடுத்தவன்ங்கிறதால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

சுவத்துல மாட்டுற உலக மேப்பை இதுக்கு பாக்காதீங்க, உருண்டையை தட்டையா விரிச்சதால வடக்க போகப் போக எல்லாத்தையும் இழுத்து பெருசா காட்டும். பசங்க குளோப் ஒண்ணு எடுத்து நூலோட ஒரு முனையை பெங்களூர்ல வச்சு இன்னொரு முனையை சான் பிரான்சிஸ்கோல வச்சு இறுக்கி இழுத்துப் பாருங்க. நூல் பசிபிக் நடுவுலயும் போகாது, ஐரோப்பா மேலயும் போகாது. கொஞ்சம் கிழக்க சாஞ்ச மாதிரி வடக்கயே ஏறும், நேபாளம், திபெத், சீனா, சைபீரியா, ஆர்க்டிக் கடல் ஓரம், அப்புறம் அலாஸ்கா பக்கமா இறங்கி கலிபோர்னியா. உச்சில கிட்டத்தட்ட 71 டிகிரி வட அட்சரேகை வரைக்கும் போயிடும்.

ஏன்னா பெங்களூர் 77.7 டிகிரி கிழக்கு தீர்க்கரேகை, சான் பிரான்சிஸ்கோ 122.4 மேற்கு. நடுவுல 160 டிகிரி. 180 இருந்தா உருண்டைக்கு நேர் எதிர்ப்பக்கம். அவ்ளோ எதிர்ப்பக்கத்துல இருக்கிற ஊருக்கு குறுக்கு வழி துருவத்தை ஒட்டித்தான் போகும். அந்த வழியில முதல்ல வடக்க ஏறணும், டெல்லியும் நமக்கு வடக்கதான இருக்கு, அதனாலதான் 100 கிலோமீட்டர்தான் கூடுது. துபாய் வடமேற்க இருக்கு, அங்க போனா அந்தக் கோட்டை விட்டு விலகிடுறோம், அதான் 15,700.

இன்னொண்ணும் சொல்றேன், பூமில ரெண்டு ஊருக்கு நடுவுல அதிகபட்ச தூரமே சுமார் 20,000 கிலோமீட்டர்தான், பூமியோட சுத்தளவுல பாதி. நம்ம தருமபுரிக்கு நேர் எதிர்ப்புள்ளி எங்க வருதுன்னா பெரு நாட்டுக்கு மேற்க பசிபிக் கடல்ல. உங்க அப்பா அம்மா அந்த அதிகபட்சத்துல 70 சதவீதம் போறாங்க, சின்ன விஷயமில்ல.

---

பாலக்கோடு_டு_பேஏரியா | செவ்வாய், இரவு 11:31

வாத்தியார் சொன்ன கோடு கணக்குக்கு சரி சார், ஆனா ப்ளேன் அந்த கோட்டு மேல அப்படியே போகாது. முக்கியமா திபெத். காரணம் என்னன்னா கேபின்ல காத்தழுத்தம் போயிட்டா பைலட் சில நிமிஷத்துல 10,000 அடி கிட்ட இறங்கணும், தலைக்கு மேல விழுற ஆக்ஸிஜன் மாஸ்க்ல பொதுவா கால் மணி நேரம் சொச்சம்தான் காத்து வரும். திபெத் பீடபூமியோட சராசரி உயரமே 14,000 அடிக்கு மேல, எங்க இறங்குறது? அதனால அந்தப் பக்கத்தை முடிஞ்ச வரைக்கும் சுத்தித்தான் போவாங்க.

அதோட நாடுகளோட வான்வெளி பிரச்சனை. 2022ல உக்ரைன் போர் ஆரம்பிச்சதுல இருந்து அமெரிக்க, ஐரோப்பிய கம்பெனி விமானம் ரஷ்யா மேல போக முடியாது. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வான்வெளியை மூடினாங்க, டெல்லில இருந்து மேற்க போற ஃப்ளைட்டுக்கெல்லாம் நேரம் கூடிப்போச்சு. சைட்டுல போட்டிருக்கிற கிலோமீட்டர் இது எதையும் பாக்காது, ரெண்டு புள்ளிக்கு நடுவுல சூத்திரம் போட்டு குடுத்துடும்.

16, பதினேழரை குழப்பமும் அதேதான். 13,990ஐ மணிக்கு 875 கிலோமீட்டர்னு வகுத்தா 16 வரும், அது வெறும் வகுத்தல் கணக்கு. கம்பெனிக்காரங்க போடுறது ப்ளேன் கேட்டை விட்டு நகர்றதுல இருந்து அந்த ஊர் கேட்ல நிக்கிற வரைக்கும், அதுல ரன்வேக்கு ஊர்ந்து போறது, வரிசையில நிக்கிறது எல்லாம் அடங்கும். நான் போடுற கணக்கு சிம்பிள், தூரத்தை 850ஆல வகுத்து அரை மணி நேரம் சேத்துக்குவேன், பெரும்பாலும் பக்கத்துல வந்துடும்.

நேர் ஃப்ளைட் பத்தி, ஏர் இந்தியா 2021 ஜனவரில ஆரம்பிச்சாங்க, முதல் ஃப்ளைட் சான் பிரான்சிஸ்கோல இருந்து பெங்களூருக்கு வட துருவத்து மேல வந்தது, காக்பிட்ல நாலு பேருமே பெண் பைலட்டுங்க. அங்க ஜனவரி 9 சனிக்கிழமை ராத்திரி கிளம்பி இங்க 11ஆம் தேதி திங்கக்கிழமை விடியக்காலைல இறங்குச்சு, பறந்தது 17 மணி நேரம் பக்கம்தான், நடுவுல ஞாயித்துக்கிழமை காணாம போச்சு. இந்த ரூட்டு ஷெட்யூல் மாறிட்டே இருக்கும், அதனால புக் பண்ற அன்னைக்கு இருக்கானு பாத்துக்கங்க. இல்லன்னா ஒரு எடத்துல மாறித்தான் ஆகணும்.

---

தொப்பூர்_கணவாய் | புதன், காலை 7:48

நேர் ஃப்ளைட் கெடைச்சா கண்ண மூடிட்டு அதையே போடுங்க. முதல் தடவை போற பெரியவங்களை தெரியாத நாட்டு ஏர்போர்ட்ல எறக்கி அடுத்த கேட் தேட விடுறது எனக்கு சம்மதமே இல்ல. போர்டு படிக்கணும், மறுபடி செக்யூரிட்டி, பெல்ட்டை கழட்டு ஷூவை கழட்டு. காசு கூட ஆனாலும் பரவால்ல.

---

அரூர்_சிஸ்டர் | புதன், காலை 9:20

தொப்பூர் அண்ணா, நான் ஆஸ்பத்திரில நர்சா இருக்கேன், எனக்கு இதுல வேற கருத்து. 67 வயசு, சுகர், முட்டி வலி. இவங்க ரெண்டு பேரும் ஒரே சீட்ல 17 மணி நேரம் உக்காந்தா காலு வீங்கும், கால்ல ரத்தம் கட்டுற ஆபத்தும் கூடும். நடுவுல ஒரு எடத்துல எறங்கி நடந்து, மூஞ்சி கழுவி, சூடா எதாவது சாப்பிட்டு ஏறினா உடம்புக்கு அது ரொம்ப பெரிய ஆறுதல். வழி தெரியாதுங்கிறதுக்கு வீல்சேர் உதவி கேட்டு வைக்கலாம், டிக்கெட் போடும்போதே சொல்லிட்டா ப்ளேன் வாசல்ல இருந்து அடுத்த ப்ளேன் வாசல் வரைக்கும் ஆளு கூட்டிட்டு போவாங்க. நடக்க முடியிறவங்களும் கேக்கலாம், அம்மாவுக்கு முட்டி வலி இருக்கே.

அக்கா, இது உங்களுக்கு. பறக்கும்போது கேபினுக்குள்ள இருக்கிற காத்தழுத்தம் தரைல இருக்கிற மாதிரி இருக்காது, 6,000ல இருந்து 8,000 அடி உயரத்துல இருக்கிற மாதிரி இருக்கும், அதாவது ஊட்டில அத்தனை மணி நேரம் உக்காந்திருக்கிறதா வச்சுக்கங்க. காத்தும் ரொம்ப வறண்டு இருக்கும். தாகம் எடுக்கலன்னாலும் தண்ணி குடிக்கச் சொல்லுங்க, பாத்ரூம் போகணுமேன்னு நிறைய பெரியவங்க தண்ணியே குடிக்காம உக்காந்திருப்பாங்க, அது வேண்டாம், ஓரத்து சீட்டா கேட்டு வாங்குங்க. ரெண்டு மணிக்கு ஒரு தரம் எந்திரிச்சு நடக்கட்டும், உக்காந்தே பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டட்டும். அழுத்தமா புடிக்கிற சாக்ஸ் போடலாமானு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

சுகர் மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில, டாக்டர் சீட்டோட. லக்கேஜ்ல போடவே கூடாது, அங்க இன்சுலின் உறைஞ்சு கெட்டுப்போக வாய்ப்பிருக்கு. பதிமூணரை மணி நேரம் கடிகாரம் பின்னாடி போற ஊருக்கு போறப்ப எந்த வேளை மருந்தை எப்ப போடுறதுன்னு இப்பவே டாக்டர்கிட்ட உக்காந்து எழுதி வாங்குங்க, ஃப்ளைட்ல போய் யோசிக்கிற விஷயம் இல்ல அது.

---

பர்கூர்_பொண்ணு | புதன், காலை 10:02

சிஸ்டர், ரொம்ப ரொம்ப நன்றி, மருந்து நேரம் மாறும்ங்கிறதே எங்க யாருக்கும் தோணல. அப்போ ஒரு எடத்துல மாறுறதுன்னா எந்த ஊர்? துபாய், ஹாங்காங், சிங்கப்பூர், ஃப்ராங்க்ஃபர்ட் நாலும் காட்டுது.

---

பாலக்கோடு_டு_பேஏரியா | புதன், காலை 11:15

கிலோமீட்டர் கணக்கு எடுத்து வச்சிருக்கேன், எல்லாம் குறுக்குக் கோட்டு தூரம்.

ஹாங்காங்: 3,960 + 11,130, மொத்தம் சுமார் 15,100
துபாய்: 2,690 + 13,040, சுமார் 15,700
ஃப்ராங்க்ஃபர்ட்: 7,400 + 9,150, சுமார் 16,550
சிங்கப்பூர்: 3,180 + 13,590, சுமார் 16,800

இப்ப கவனிங்க, துபாயை விட சிங்கப்பூர் வழி 1,000 கிலோமீட்டர் கூட. நேரமும் ஒரு மணிக்கு மேல கூடணும்ல? கூடாது. துபாய் வழில ரெண்டு ஃப்ளைட்டும் சேத்து காத்துல 20 மணி நேரம் பக்கம், சிங்கப்பூர் வழிலயும் பிப்ரவரில கிட்டத்தட்ட அவ்ளோதான், சில நாள் குறைவாகவே இருக்கும். காரணம் ஜெட் ஸ்ட்ரீம். 30,000ல இருந்து 40,000 அடி உயரத்துல மேற்கிலருந்து கிழக்க ஓடுற காத்து, குளிர்காலத்துல ரொம்ப வேகம், ஜப்பானுக்கு மேலயும் பசிபிக் மேலயும் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியே போகும். கிழக்குப் பக்கமா போறப்ப அது பின்னாடியிருந்து தள்ளும். ஹாங்காங்ல இருந்து சான் பிரான்சிஸ்கோ பன்னண்டரை, பதிமூணு மணி நேரம், அதே தூரம் திரும்பி வர பதினாலரை, பதினஞ்சு ஆகும். அப்பா அம்மா திரும்புறப்ப "போனப்ப இவ்ளோ நேரம் ஆகலியே"னு கேப்பாங்க, முன்னாடியே சொல்லி வையுங்க.

என் தேர்வு ஹாங்காங் இல்ல சிங்கப்பூர். இன்னொரு காரணமும் இருக்கு, முதல் ஃப்ளைட் சின்னது. ஒரு நாலு அஞ்சு மணி நேரத்துல பெல்ட் எப்படி போடுறது, பாத்ரூம் கதவு எப்படி திறக்குறது, சாப்பாடு எப்படி கேக்குறதுனு எல்லாம் பழகிடும், அப்புறம் பெரிய ஃப்ளைட்.

---

தென்பெண்ணை_வாத்தியார் | புதன், மதியம் 12:40

காத்தைப் பத்தி தம்பி சொன்னது அருமை. தேதிக்கோட்டையும் சேத்துக்கங்க. கிழக்க பசிபிக் வழியா போறவங்க சர்வதேச தேதிக்கோட்டை தாண்டுவாங்க, தேதி ஒரு நாள் பின்னால போகும். ஒரு உதாரணம், இங்க மதியம் 2 மணிக்கு கிளம்பி 16 மணி நேரம் பறந்தா நம்ம கடிகாரத்துல மறுநாள் காலை 6. அங்க பிப்ரவரில பதிமூணரை மணி நேரம் பின்னால, அப்ப அங்க முந்தின நாள் சாயங்காலம் நாலரை, அதாவது கிளம்பின அதே நாள்! டிக்கெட்ல கிளம்புற நேரத்தையும் சேர்ற நேரத்தையும் கழிச்சு "ரெண்டரை மணி நேரம்தான்"னு யாரும் நினைச்சுடக் கூடாது, ரெண்டுமே அந்தந்த ஊர் நேரம். மொத்த நேரம் தனியா போட்டிருக்கும், அதைப் பாருங்க.

மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைப்பாங்க, அதுக்கப்புறம் வித்தியாசம் பன்னண்டரை. நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை வரைக்கும் அப்படித்தான். பேரப்பிள்ளையை வீடியோ கால்ல பாக்க நேரம் குறிச்சு வைக்கிறப்ப இது உதவும்.

---

சூளகிரி_டிராவல்ஸ் | புதன், மதியம் 2:26

எல்லாரும் ஆகாசக் கணக்கே பேசுறீங்க, நான் தரைக்கணக்கு சொல்றேன், ஏன்னா ஃப்ளைட்டை விடுறவங்க ஓசூர் ரோட்லதான் விடுறாங்க. ஏர்போர்ட் வண்டி ஓட்டுறது என் தொழில்.

பர்கூர்ல இருந்து தேவனஹள்ளில இருக்கிற பெங்களூர் ஏர்போர்ட் 150 கிலோமீட்டர் பக்கம். தருமபுரின்னா 170க்கு மேல. மேப்ல மூணு மணி நேரம்னு காட்டும், அதை நம்பி கிளம்பாதீங்க. அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால், இந்த மூணு எடத்துல எங்க வேணா ஒரு மணி நேரம் போகலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஞாயித்துக்கிழமை ராத்திரி இன்னும் மோசம். நான் சிட்டிக்குள்ள போறதை முடிஞ்ச வரைக்கும் தவிர்ப்பேன், ஓசூர்ல இருந்து பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டே, பூதிகெரே வழியா ஏர்போர்ட். ரோடு சில எடத்துல சின்னதுதான் ஆனா வண்டி நிக்காது. ராத்திரி ரொம்ப நேரம் கழிச்சுன்னா சிட்டி வழியே வேகம்.

ரெண்டு விஷயம் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. ஒண்ணு, டிக்கெட்ல 25ஆம் தேதி 2:10னு போட்டிருந்தா அது 24ஆம் தேதி ராத்திரி விடிஞ்சா 25, வண்டி 24 சாயங்காலமே கிளம்பணும். 25 ராத்திரி வந்து நிக்கிற குடும்பத்தை பாத்திருக்கேன், அந்த மூஞ்சியை பாக்க முடியாதுங்க. ரெண்டு, வெளிநாட்டு ஃப்ளைட் எல்லாம் 2023 செப்டம்பர்ல இருந்து டெர்மினல் 2, டிரைவர்கிட்ட சொல்லுங்க. மூணு மணி நேரம் முன்னாடி உள்ள இருக்கணும், செக்கின் கவுண்டர் ஒரு மணி நேரம் முன்னாடி மூடிடுவாங்க.

---

தொப்பூர்_கணவாய் | புதன், மாலை 4:10

இதுக்குத்தான் ஓசூர் ஏர்போர்ட் சீக்கிரம் வரணும்ங்கிறேன். 2024 ஜூன்ல சட்டசபையிலயே அறிவிச்சாங்க, 2,000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடி பயணிகள்னு. பெங்களூர் ஏர்போர்ட் ஒப்பந்தத்துல 150 கிலோமீட்டருக்குள்ள 2033 வரைக்கும் வேற ஏர்போர்ட் கூடாதுனு ஒரு விதி இருக்கு, அதையும் தாண்டி வரணும். நமக்கு பக்கத்துல இருக்கிறது சேலம், அங்க சின்ன ப்ளேன்தான் வருது. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துல இருந்தும் எத்தனை ஆயிரம் பேர் வெளிநாட்டுல இருக்காங்க, பெத்தவங்க ஒவ்வொரு தடவையும் சில்க் போர்டுல தவம் கிடக்கணுமா.

அப்புறம் அரூர் சிஸ்டர், நீங்க சொன்ன உடம்பு விஷயம் நியாயம்தான், ஆனா மாறுற எடத்துல முதல் ஃப்ளைட் லேட்டானா என்ன செய்வாங்க? என் கவலை அதுதான், இன்னும் அதேதான் சொல்வேன்.

---

பாலக்கோடு_டு_பேஏரியா | புதன், மாலை 5:55

அதுக்கு ஒரே பாதுகாப்பு ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே டிக்கெட்ல, ஒரே பிஎன்ஆர்ல இருக்கணும். அப்பதான் முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவது போயிட்டா அடுத்த ஃப்ளைட்ல ஏத்தி விடுறது கம்பெனி பொறுப்பு, லக்கேஜும் கடைசி ஊர் வரைக்கும் போயிடும். காசு மிச்சமாகுதுனு தனித்தனியா போட்டா லேட்டானதுக்கு யாரும் பொறுப்பில்ல, நடுவுல பெட்டியை எடுத்து மறுபடி போடணும், அதுக்கு அந்த நாட்டு விசா வேற கேக்கலாம்.

நடுவுல எவ்வளவு நேரம் இருக்கணும்னா பெரியவங்களுக்கு மூணு மணி நேரம், நாலு இருந்தா இன்னும் நிம்மதி. ஒன்னேகால் மணி நேர இடைவெளிலயும் டிக்கெட் விப்பாங்க, 21 மணி நேரம்னு காட்டுறது பெரும்பாலும் அந்த ரகம், அதை எடுக்காதீங்க. 34 மணி நேரம்ங்கிறது 12 மணி நேரம் பெஞ்சுல படுக்கிற ரகம். ரெண்டும் வேண்டாம், 23ல இருந்து 25க்குள்ள பாருங்க. டெல்லி வழி தூரம் கம்மிதான், ஆனா டிசம்பர், ஜனவரில மூடுபனி, பிப்ரவரி ஆரம்பத்துலயும் சில நாள் இருக்கும், காலை ஃப்ளைட் மணிக்கணக்குல தள்ளிப்போகும். பிப்ரவரி கடைசின்னா அந்த பயம் குறைவு, அங்க ஒரு நல்லது நம்ம ஊர் சாப்பாடும் இந்தி இங்கிலீஷ் எதாவது ஒண்ணு பேசுற ஆளும் இருக்கும்.

பர்கூர் வாசல்ல இருந்து தங்கச்சி வாசல் வரைக்கும் சொல்லணும்னா, ரோட்ல அஞ்சு, ஏர்போர்ட்ல மூணு, ஃப்ளைட்டும் இடைவெளியும் சேத்து 24, அங்க இமிக்ரேஷன் லக்கேஜ் எல்லாம் ரெண்டு, சான் பிரான்சிஸ்கோல இருந்து சான் ஹோசே 50 கிலோமீட்டர் சொச்சம் கார்ல ஒரு மணி நேரம். 35. இந்த நம்பரை சொல்லுங்க அப்பா அம்மாகிட்ட, 16ஐ சொல்லாதீங்க. 16னு நினைச்சுட்டு போறவங்க 20ஆவது மணி நேரத்துல பயந்துடுவாங்க.

---

பர்கூர்_பொண்ணு | புதன், இரவு 8:30

35ஆ! அம்மா கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "சரி, புள்ளைக்காக போறது தான"னாங்க. சிங்கப்பூர் வழி, மூணே முக்கால் மணி நேர இடைவெளி, ஒரே பிஎன்ஆர்ல ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், வீல்சேர் போட்டாச்சு. அம்மா கறிவேப்பிலை, மாங்கா ஊறுகா, ராகி மாவு எல்லாம் கட்டுறாங்க, கொண்டு போகலாமா?

---

பாலக்கோடு_டு_பேஏரியா | புதன், இரவு 9:04

ஊறுகா, ராகி மாவு சரி. கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம், எலுமிச்சை வகை மரத்து நோய் பரவும்னு எடுத்துடுவாங்க. பழம், விதை, கறி எதுவும் கூடாது. சாப்பாட்டுப் பொருள் இருக்குனு ஃபார்ம்லயோ வாய்லயோ உண்மையை சொல்லிடணும், சொல்லாம மாட்டினா அபராதம். தங்கச்சி வீட்டு அட்ரஸும் போன் நம்பரும் பேப்பர்ல பெருசா எழுதி ரெண்டு பேர் சட்டைப் பையிலயும் கைப்பையிலயும் தனித்தனியா வையுங்க, போன் சார்ஜ் போயிட்டாலும் கையில இருக்கும்.

---

பென்னாகரம்_மீன்சாப்பாடு | வியாழன், காலை 6:50

ரொம்ப உபயோகமான இழை. என் பையன் டொரண்டோல படிக்கிறான், நாங்க ஜனவரில போகலாம்னு இருக்கோம். அதுக்கும் இதே கணக்கா? கிழக்க போறதா மேற்க போறதா?

---

தென்பெண்ணை_வாத்தியார் | வியாழன், காலை 7:35

பெங்களூர்ல இருந்து டொரண்டோ குறுக்குக் கோடு 13,300 கிலோமீட்டர் பக்கம், சான் பிரான்சிஸ்கோவை விட 700தான் கம்மி. நூலு இந்த தடவையும் வடக்கயே ஏறும், ஆனா மேற்க சாஞ்சு. அதனால காத்து உங்களுக்கு போறப்ப எதிர்ல, வர்றப்ப பின்னால. போறப்ப நேரம் கூட வச்சுக்கங்க. ஜனவரின்னா டெல்லி மூடுபனியும் டொரண்டோ பனியும் ரெண்டுமே உண்டு, இடைவெளி நாலு மணி நேரத்துக்கு குறையாம பாருங்க, ஸ்வெட்டர் லக்கேஜ்ல இல்ல, கையில.